பைக் இன்சூரன்ஸ் தாளில் அந்த 15 லட்சம் யாருக்கு?

பைக் இன்சூரன்ஸ் தாளில் ‘தேர்ட் பார்ட்டி’ என்று மட்டும் இருந்தால், நம் வண்டியால் அடிபட்டவருக்குத்தான் பணம். நம் வண்டிச் சேதத்துக்கு ‘ஓன் டேமேஜ்’ தனியாக எடுக்க வேண்டும்.

அப்புறம், ‘பிஏ கவர்’ (பர்சனல் ஆக்சிடென்ட், அதாவது தனிநபர் விபத்துக் காப்பீடு) இருக்கிறதா பாருங்கள். வண்டி ஓட்டும் உரிமையாளர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரும். ஆனால் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான். லைசென்ஸும் நடப்பில் இருக்க வேண்டும். நம் பக்கம் பல வீடுகளில் வண்டி அப்பா பெயரில் இருக்கும், அம்பையிலிருந்து பாளையங்கோட்டை கல்லூரிக்கு அதை ஓட்டிப் போவது மகன். அந்தப் பையனுக்கு இந்த 15 லட்சம் கிடையாது. எனக்கு இதுதான் பெரிய கவலை. தயவுசெய்து அவன் பெயரில் தனி விபத்து பாலிசி ஒன்று எடுத்துவிடுங்கள்.

அதற்கு வசதி இல்லையா? சரி, வங்கியில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்காவது எழுதிக் கொடுங்கள். வயது 18 முதல் 70 வரை, வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஒரு கையோ காலோ நிரந்தரமாகச் செயலிழந்தால் 1 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவு இதில் வராது. மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்கட்டும்; ஜூன் 1-இல்தான் புது வருடம் தொடங்குகிறது.