ஒட்டு நகமா, சொந்த நகமா? முதல்முறை யோசிப்பவர்களுக்கு

தை பிறந்ததும் ரங்கூனில் நம் கோயில்களில் கல்யாணம் வரிசை கட்டும். கூடவே என் கைப்பேசியும் அலறும். "அக்கா, ஜெல் போடலாமா, அக்ரிலிக் போடலாமா?" எது பளபளக்கும், எது அதிக நாள் நிற்கும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எப்படிக் கழற்றுவது, யார் கழற்றுவார்கள் என்று கேட்கிறவர்கள் அபூர்வம். ஒட்டு நகத்தால் சொந்த நகம் பாழாவது பெரும்பாலும் கழற்றும்போதுதான். அதனால் இந்த விளக்கத்தைக் கடைசிப் படியை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

படி 1: உங்கள் கை நாள் முழுக்க என்ன செய்கிறது?

ஒரு நாள் சும்மா கவனியுங்கள். சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிற கை நமக்கு. வெளிர்நிற ஜெல்லிலும் பிளாஸ்டிக் நகத்திலும் குழம்பின் மஞ்சள் ஏறினால் சோப்புக்கு அசையாது. அத்தோ கடை வைத்திருப்பவர்கள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசறுகிறார்கள். அந்தக் கைக்கு ஒட்டு நகம் வேண்டவே வேண்டாம். உறை மாட்டிக்கொள்ளலாமே என்றால், நீள நகம் உறையைக் கிழித்துவிடும்.

மருத்துவமனையில் நோயாளிகளைத் தொட்டு வேலை செய்பவர்களுக்குத் தேர்வே இல்லை. கை சுத்தம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், செயற்கை நகம் கூடாது, சொந்த நகமும் விரல் நுனியைத் தாண்டி அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஒட்டு நகத்தின் அடியில் கிருமி அதிகம் தங்கும், கழுவினாலும் முழுதாகப் போகாது. கைக்குழந்தை இருக்கிற வீட்டிலும் இதே கணக்குதான்.

முகத்தில் பூசும் மரப்பட்டை விழுதான தனக்காவைத் தினமும் அரைத்துப் பூசுகிறவரா? கல்லிலிருந்து விழுதை விரலால் வழிக்கும்போது நீள நகத்தின் அடியில் அப்பிக் காய்ந்துவிடும், குச்சி வைத்துத்தான் நோண்ட வேண்டும். தண்ணீர்த் திருவிழாவான திங்யான் நாட்களில் கை தண்ணீரிலேயே ஊறும், ஒட்டியது எதுவும் தளரும். நீளமாகப் போட நினைப்பவர்கள் திருவிழா முடியட்டும் என்று இருப்பது நல்லது.

படி 2: நகத்தை வெளிச்சத்தில் பாருங்கள்

பாலிஷைத் துடைத்துவிட்டு ஜன்னலோரம் உட்காருங்கள். நகம் சதையிலிருந்து விட்டு வெள்ளையாகத் தெரிகிறதா, பச்சையாகக் கறை இருக்கிறதா, ஓரத்தில் நகச்சுத்தி வந்து வலிக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மேலே எதையும் ஒட்டாதீர்கள். பச்சைக் கறை என்பது பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் அதற்குக் கொண்டாட்டம். நம் ஊர் மழைக்காலத்தில் ஈரத்துக்குக் குறைவா என்ன? பாலிஷ் போட்டு மறைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 3: சொந்த நகத்துக்கு ஒரு வாய்ப்பு

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அடியிலிருந்து நுனிவரை முழு நகம் மாற ஆறு மாதம் வரை ஆகும். கல்யாணம் இரண்டு மாதம் தள்ளி இருந்தால், விரலைத் தாண்டி அழகாக நிற்கிற நீளம் சொந்தமாகவே கிடைத்துவிடும், உடைக்காமல் காப்பாற்றினால்.

காப்பாற்றுவது இப்படி. நகவெட்டியில் நீளத்தை மட்டும் குறைத்துவிட்டு, வடிவத்தை அரத்தால் கொண்டுவாருங்கள். மெல்லிய அரத்தால் ஒரே திசையில் தேயுங்கள். முன்னும் பின்னும் அறுத்தால் நுனி பிரியும். நகக்கண்ணை மூடியிருக்கும் தோலை வெட்டாதீர்கள், கிருமி உள்ளே போகாமல் அடைத்து வைத்திருப்பது அதுதான். குளித்ததும் துண்டால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினால் போதும். படுக்கும் முன் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். பாத்திரம் கழுவ உறை. வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதே என்று பாட்டி சொன்னால் வியாழனே வெட்டிவிடுங்கள், வாக்குவாதம் மிச்சம்.

படி 4: ஒட்டு நக வகைகள்

பிரஸ்-ஆன் என்பது தயாராக வரும் பிளாஸ்டிக் நகம், பசையாலோ ஒட்டுத்தாளாலோ ஒட்டுவது. ஜெல் என்பது பூசி, புற ஊதா விளக்கில் காட்டி இறுக வைப்பது. அக்ரிலிக் என்பது ஒரு திரவத்தையும் பொடியையும் தூரிகையில் குழைத்து நகத்தின் மேல் கட்டுவது; பல்செட் செய்யும் பொருளின் குடும்பம். ஜெல்லும் அக்ரிலிக்கும் போட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அடியில் வளர்ந்த இடைவெளியை நிரப்பக் கடைக்குப் போயாக வேண்டும். செலவைக் கணக்குப் போடும்போது இதையும் சேருங்கள்.

என் கருத்து கேட்டால், ஒரு நாள் விசேஷத்துக்கு பிரஸ்-ஆனைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

படி 5: பிரஸ்-ஆன் ஒட்டுவது

முதலில் அளவு. பத்து விரலுக்கும் நகத்தை வைத்துப் பார்த்து வரிசையாக அடுக்குங்கள். அகலம் ஓரத்துக்கு ஓரம் சரியாகப் பொருந்த வேண்டும். பெரிதாக இருந்தால் பக்கவாட்டில் கொஞ்சம் அரத்தால் தேய்த்துக் குறைக்கலாம். சிறிதாக இருந்தால் விட்டுவிடுங்கள், அழுத்திக் குறுகலானதை ஒட்டினால் விண்விண்ணென்று வலிக்கும்.

சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்து, நகத்தின் மேல் ஸ்பிரிட்டால் ஒருமுறை துடையுங்கள். கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தாலும் பிடிக்காது. சொந்த நகத்தில் ஒரு சின்னச் சொட்டுப் பசை, ஒட்டு நகத்தின் உட்பக்கம் ஒரு சின்னச் சொட்டு. அடிப்பக்கத்தைத் தோல் விளிம்புக்கு அருகே, ஆனால் தோலின் மேல் ஏறாமல் வைத்து, சாய்வாகப் பிடித்து நுனியை நோக்கி மெதுவாகப் படுக்க வையுங்கள். அப்படிச் செய்தால் காற்று நுனி வழியே வெளியேறும். நேராக மேலிருந்து அமுக்கினால் குமிழி உள்ளே சிக்கி, அங்கே தண்ணீர் புகும். அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சுண்டுவிரலில் ஆரம்பித்துக் கட்டைவிரலைக் கடைசியில் வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பசை சயனோஅக்ரிலேட். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ கொட்டினால் சட்டென்று சூடேறி தோலைச் சுட்டுவிடும். சிந்தினால் பஞ்சால் ஒற்றாதீர்கள். மடியில் பருத்தி லோஞ்சி (நம் லுங்கி மாதிரி) இருந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்துக்கொள்ளுங்கள்.

படி 6: கடைக்குப் போனால்

மூக்கையும் கண்ணையும் திறந்து வையுங்கள். அக்ரிலிக் எல்லாமே கொஞ்சம் நாறும், ஆனால் மூச்சு முட்டுகிற காரமான வாடை, அரத்துக்கு மசியாத கல் போன்ற நகம், பாலிஷ் அகற்றும் திரவமான அசிட்டோனில் ஊறியும் கரையாத பிடிவாதம், இவை எம்எம்ஏ என்ற மலிவுத் திரவத்தின் அடையாளங்கள். முழுக்க எம்எம்ஏ கொண்ட நகப் பொருட்கள் மேல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1970-களிலேயே நடவடிக்கை எடுத்தது. அந்த நகம் எங்காவது இடித்தால் தான் உடையாது, உங்கள் சொந்த நகத்தைப் பெயர்த்துக்கொண்டு வரும். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எம்எம்ஏவுக்குப் பதிலாகப் பயன்படும் ஈஎம்ஏ என்ற திரவம்தான் என்று பதில் வந்தால் உட்காருங்கள்.

ஜெல் என்றால் விளக்குதான் விஷயம், விளக்கென்றால் மின்சாரம். பாதியில் கரண்ட் போய் ஜெல் முழுதாக இறுகாமல் நின்றால் அது வெறும் அழகுக் குறை அல்ல. இறுகாத ஜெல் தோலில் படப்பட ஒவ்வாமை வரலாம். வந்தால் சாதாரணமாகப் போகாது. அதே ரசாயனக் குடும்பம் பல் அடைப்பிலும் எலும்பு அறுவை சிகிச்சைப் பசையிலும் இருப்பதால் பிற்காலத்தில் அங்கேயும் தொல்லை தரும். கடையில் ஜெனரேட்டரோ பேட்டரியோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். தோலில் வழிந்த ஜெல்லைத் துடைத்த பிறகே விளக்கில் வைக்கச் சொல்லுங்கள். விரல் நுனி அரித்தால், சிவந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கின் முன் கை வைக்கும் முன் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்வதும் நல்லது.

படி 7: கழற்றுவது

பிரஸ்-ஆன் என்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் ஊற வையுங்கள். ஓரத்தில் ஆரஞ்சுக் குச்சியை (நகத்துக்கென்று விற்கும் மெல்லிய மரக்குச்சி) விட்டு மெல்ல அசைத்தால் தானாகக் கழன்றுவரும். வரவில்லை என்றால் மறுபடி ஊற வையுங்கள். பல்லால் கடித்து இழுப்பவர்கள் சொந்த நகத்தின் மேலடுக்கையும் சேர்த்தே உரிக்கிறார்கள், அது வளர்ந்து வெளியேற மாதக் கணக்கில் ஆகும்.

ஊறிக் கரைகிற ஜெல்லுக்கும் அக்ரிலிக்குக்கும் மேல்பூச்சை அரத்தால் தேய்த்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து அலுமினியத் தாளால் சுற்ற வேண்டும். ஜெல் கால் மணி நேரத்தில் இளகும், அக்ரிலிக்குக்கு அரை மணி நேரமும் ஆகலாம். ஊறினாலும் கரையாத கெட்டி ஜெல்லை அரத்தால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அதைப் போட்டவரிடமே விட்டுவிடுங்கள்.

கரண்ட் இல்லாத நேரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். அசிட்டோனின் ஆவியே குப்பென்று பற்றிக்கொள்ளும். பகலில், ஜன்னலைத் திறந்து, சாமி விளக்குக்கும் அடுப்புக்கும் தள்ளி உட்காருங்கள். முடிந்ததும் கையைக் கழுவி எண்ணெய் தடவுங்கள். பஞ்சை ஒரு பையில் இறுகக் கட்டி வெளிக் குப்பையில் போடுங்கள், சமையலறைக் கூடையில் வேண்டாம்.