ஏரி ஓவியத்தை எப்படிப் பார்ப்பது? டர்னரின் 'நீல ரீகி'யோடு ஒரு பயிற்சி

ஏரி, மலை, வானம் உள்ள ஓவியத்தின் முன்னால் நின்றால் "அழகா இருக்கு" என்பதற்கு மேல் எதுவும் தோன்றாது. நானும் வெகுநாள் அப்படித்தான் நகர்ந்துபோனேன். ஒரே ஒரு படத்தைப் பொறுமையாகப் பார்க்கப் பழகினால் இது மாறும்.

படம்: ஆங்கில ஓவியர் டர்னர் 1842-இல் வரைந்த 'நீல ரீகி, சூரிய உதயம்'. சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் ஏரியும் அதன் கரையிலுள்ள ரீகி மலையும். லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். ரொமான்டிசக் காலத்துப் படம் என்பதால் காதலைத் தேடாதீர்கள். இயற்கையின் முன் மனிதனுக்கு எழும் வியப்பையும் அச்சத்தையும் கொண்டாடிய காலம் அது.

படி 1: அளவைக் கவனியுங்கள். நீர்வண்ணப் படம், ஏ3 தாளைவிடச் சற்றே அகலம். அவ்வளவுதான். கிட்டத்தட்ட 1,800 மீட்டர் மலை அதற்குள் அடங்கியிருக்கிறது.

படி 2: கண்ணை இடுக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து மூன்று மட்டும் மிஞ்சும்: மலைக்குப் பின்னால் வெளிறிய மஞ்சள் ஒளி, நடுவில் நீலத் திரள், கீழே அவற்றை வாங்கிக்கொள்ளும் நீர். மலைக்கு அழுத்தமான கோடு இல்லை. மெல்லிய வண்ணத்தைப் பூசி, அது காய்ந்ததும் மேலே இன்னொன்று என்று அடுக்கியிருக்கிறார். அடியில் இருக்கும் தாளின் வெண்மைதான் ஒளியாகத் தெரிகிறது. அதனால் பாறை கனமிழந்து பனிமூட்டம்போல நிற்கிறது. படத்தின் மனநிலை இங்கேதான் பிறக்கிறது.

படி 3: விரலால் மறையுங்கள். எனக்குப் பிடித்த படி இது. மேலே வானத்தில் சிறு புள்ளியாக விடிவெள்ளி இருக்கிறது. அதை மறைத்தால் வானம் வெறும் வெளிர்நிறம். விரலை எடுத்ததும் பொழுது வந்துவிடுகிறது: சூரியன் எட்டிப்பார்த்ததும் அந்தப் புள்ளி இருக்காது. அடுத்து, கீழே நீரில் பாயும் நாய்களையும் மிரண்டெழும் பறவைகளையும் மறையுங்கள். நாள்காட்டிப் படம் ஆகிவிடும். அவை இருப்பதால்தான் அந்த நிசப்தம் நமக்குக் கேட்கிறது, கலையப்போகும் நேரத்தில்.

படி 4: ஓவியர் எங்கே நிற்கிறார்? அக்காலப் பயணிகள் ரீகியின் உச்சிக்கு ஏறிச் சூரியோதயம் பார்த்தார்கள். 1816-லேயே அங்கே விடுதி வந்துவிட்டது. டர்னரோ கீழே, நீருக்கு இந்தப் பக்கம் நின்று மலையையே பார்க்கிறார். எல்லோரும் எங்கிருந்து பார்த்தார்களோ, அந்த இடமே இவருக்குக் காட்சி. படத்தின் பொருளுக்கு நான் முதலில் பிடிக்கும் இழை இதுதான். திணை படித்தவர்களுக்குப் பழகிய வழிதானே: முதலில் நிலமும் பொழுதும், பிறகு உரிப்பொருள்.

ஓர் எச்சரிக்கை: விடிவெள்ளி என்றால் நம்பிக்கை, நாய் என்றால் விசுவாசம் என்று அகராதி போடாதீர்கள். படம் சுருங்கிவிடும்.

படி 5: ஒப்பிடுங்கள். அதே ஆண்டு, அதே மலையை மாலைச் சிவப்பில் 'சிவப்பு ரீகி'யாக வரைந்தார். அது மெல்போர்னில், விக்டோரியா தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே திறந்துவைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். 'அமைதி', 'அழகு' இரண்டு சொற்களுக்கும் தடை. எனக்கு முதல் வரி வர அரை மணி நேரம் ஆனது.