அந்தமானின் ஹேவ்லாக் தீவில் தனியாக ஸ்கூட்டர் ஓட்டப் போகிறீர்களா?

அந்தமானில் கடிகாரம் சென்னை நேரம் காட்டும், சூரியன் பர்மா நேரத்தில் நடக்கும். டிசம்பரில் மாலை ஐந்தேகாலுக்குள் சூரியன் கடலில் இறங்கிவிடும். அடுத்த இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கும்மிருட்டு. காலையில் ஐந்தரைக்கே நல்ல வெளிச்சம் வந்திருக்கும். ஹேவ்லாக்கில் (2018 டிசம்பரிலிருந்து அரசுக் கணக்கில் சுவராஜ் தீப்) ஸ்கூட்டர் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த ஒரு விஷயத்தில்தான். பத்து மணிக்கு நிதானமாக எழுந்து வண்டி எடுத்தால், நாளில் பாதி அப்போதே போயிருக்கும்.

சாலை குழப்பமே இல்லை. ஜெட்டியிலிருந்து (கப்பல் வந்து நிற்கும் துறை) நேராக 3-ஆம் நம்பர் கிராமத்துக் கடைத்தெரு. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று காட்டுக்குள் ஏறி இறங்கி ராதாநகர் கடற்கரைக்குப் போகும், ஜெட்டியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். மற்றொன்று கிழக்குக் கரையோரமாக 5-ஆம் நம்பர் கிராமம் வழியாகக் காலாபத்தர் கடற்கரைக்குப் போகும். கிழக்குக் கரையில் சூரிய உதயம், மேற்கே ராதாநகரில் அஸ்தமனம். அதனால் காலையில் காலாபத்தர், மதியத்துக்கு மேல் ராதாநகர். இரண்டும் சேர்ந்து ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டாது, இரண்டு லிட்டர் பெட்ரோல் தாராளம். ஆனால் வாடகை வண்டியைக் கிட்டத்தட்டக் காலி டேங்கோடுதான் தருவார்கள். பங்க் எங்கே, எத்தனை மணிக்கு மூடும் என்பதைச் சாவி வாங்கும்போதே கேட்டுக்கொண்டு, முதலில் அங்கே போங்கள். ‘திரும்பி வரும்போது போட்டுக்கலாம்’ என்று கிளம்பினால் ராதாநகர் மேட்டில் வண்டி தள்ள வேண்டியிருக்கும். தனியாகப் போனவருக்குத் தள்ள இன்னொரு கை கிடையாது.

வண்டி வாங்கும்போது பத்து நிமிடம் செலவழிக்கலாம். நம்பர் பிளேட் கறுப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்தாக இருந்தால் முறைப்படி வாடகைக்குப் பதிவான வண்டி. வெள்ளைப் பிளேட் என்றால் யாருடைய சொந்த வண்டியோ. விபத்து நடந்தால் காப்பீடு வம்பாகிவிடும். வண்டியைச் சுற்றி வந்து ஒரு வீடியோ எடுங்கள். கீறல், உடைந்த கண்ணாடி, பெட்ரோல் முள், கிலோமீட்டர் எல்லாம் அதில் தெரிய வேண்டும். ஒரிஜினல் லைசென்ஸை அடமானமாகக் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள். ஹெல்மெட் வார் அறுந்திருந்தால் வேறு கேளுங்கள். ஹெல்மெட் இல்லாவிட்டால் சட்டப்படி அபராதம் 1,000 ரூபாய் என்பது ஒரு பக்கம். பெரிய காயம் பட்டால் தீவில் வைத்தியம் போதாது, கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ போர்ட் பிளேர் (இப்போது அரசுக் கணக்கில் ஸ்ரீ விஜயபுரம்) போயாக வேண்டும் என்பதுதான் முக்கியம்.

டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஆக்டிவா மாதிரி வண்டியில் ஒருவர் மட்டும் போக முன்னால் 22, பின்னால் 29 பி.எஸ்.ஐ. காற்று போதும். ஜோடியாகப் போகிறவர்களுக்காகப் பின்டயரை 36 வரை அடித்து வைத்திருப்பார்கள். அதோடு தனியாகப் போனால் குழியில் வண்டி துள்ளும். இடது பிரேக்கைப் பிடித்துச் சற்றுத் தள்ளிப் பாருங்கள், சக்கரம் அசையக் கூடாது.

ராதாநகர் சாலையில் இறக்கங்கள் உண்டு. கியர் இல்லாத வண்டியில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது: ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு வேகம் குறைந்துவிட்டால் உள்ளே கிளட்ச் கழன்றுகொள்ளும், என்ஜின் இழுத்துப் பிடிக்காது, வண்டி சும்மா உருளத் தொடங்கும். அப்போது பயந்து பிரேக்கை அமுக்கியே வைத்திருந்தால் பிரேக் டிரம் சூடாகிப் பிடிப்புக் குறையும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவில் மணலோ ஈர இலையோ கிடந்தால் முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம். மழை பெய்த முதல் பத்து நிமிடம் சாலை எண்ணெய் தடவினாற்போல வழுக்கும், ஓரமாக நின்றுவிடுவதே நல்லது.

வண்டியை எங்கே நிறுத்துவது? தென்னை மரத்தடியில் வேண்டாம், தேங்காய் விழுந்தால் ஸ்பீடோமீட்டர் போச்சு, தலை என்றால் கேட்கவே வேண்டாம். மணலில் சைடு ஸ்டாண்ட் மெல்லப் புதைந்து, குளித்துவிட்டு வருவதற்குள் வண்டி படுத்துவிடும். காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றை ஸ்டாண்டுக்கு அடியில் வையுங்கள், ஊர்க்காரர்கள் செய்வது இதுதான். மணலுக்குள் ஓட்டிப் போகவே போகாதீர்கள். சின்னச் சக்கரம், உடனே சிக்கும்.

தனி ஆளுக்கு வரும் பெரிய தலைவலி சாவி. குளிக்கப் போகுமுன் பர்ஸ், போன், சாவி எல்லாவற்றையும் சீட்டுக்கு அடியில் போட்டு ‘டக்’கென்று மூடிவிட்டால் சீட் தானே பூட்டிக்கொள்ளும், சாவி உள்ளே. மூடுவதற்கு முன் சாவி கையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சாவியைக் கயிற்றில் கோத்து, தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வது உத்தமம். ஷார்ட்ஸ் பையில் வைத்தால் அலை எடுத்துக்கொண்டு போய்விடும்.

ராதாநகரில் கொடி நட்ட எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். பக்கத்தில் உள்ள நீல்ஸ் கோவ் என்ற சின்னக் குடா அமைதியாக, கண்ணாடி போலத் தெரியும். 2010-இல் அங்கேதான் ஒரு வெளிநாட்டுப் பயணியை உப்புநீர் முதலை கொன்றது. ‘யாருமே இல்லை, நமக்கு மட்டும்’ என்று தோன்றும் இடத்தில் ஏன் யாருமில்லை என்று ஒரு தடவை யோசிக்கலாம்.

சிக்னலை நம்பாதீர்கள். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள். கடைக்காரர் எண்ணையும் விடுதி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்தக் கடற்கரை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அஸ்தமனம் பார்க்க இருந்தால் திரும்புவது இருட்டில்தான். காட்டுப் பகுதியில் தெருவிளக்கு இல்லை, நடுச்சாலையில் மாடு படுத்திருக்கும். ஹெட்லைட்டைப் பகலிலேயே சோதித்து, முப்பதுக்கு மேல் போகாமல் வாருங்கள். அது சரிப்படாது என்றால் சூரியன் கடலைத் தொடும்போதே கிளம்பிவிடலாம், கூட்டம் கிளம்புவதற்கு முன்னால் சாலை காலியாக இருக்கும்.

ஊர் திரும்பும் நாளில் கப்பலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வண்டியைக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரரை வைத்துக்கொண்டே பழைய வீடியோவைப் போட்டுக் காட்டி, முன்பணத்தைக் கையில் வாங்கிய பிறகு ஜெட்டிக்கு நடக்கலாம்.