ஸ்பேஸ் ஸ்டேஷனை வெறுங்கண்ணால பாக்குறது எப்படி (நான் ரெண்டு தடவை கோட்டை விட்ட கதையோட)

டெலஸ்கோப் வேணாம், பைனாகுலரும் வேணாம். வச்சிருக்கவங்க அதை உள்ளயே வச்சிட்டு வாங்க, ஏன்னா இது போற வேகத்துக்கு டெலஸ்கோப்பைத் திருப்பி முடிக்கிறதுக்குள்ள ஆள் போயிருப்பாரு. சர்வதேச விண்வெளி நிலையம்தான் ஆரம்பிக்கிறவங்களுக்குச் சரியான டார்கெட். 109 மீட்டர் அகலம், 400 கிமீ சொச்சம் உயரம், நல்ல பாஸ் (அது நம்ம வானத்தை ஒரு தடவை கடந்து போறதுதான் ஒரு பாஸ்) கிடைச்சா வெள்ளி கிரகத்துக்கே போட்டி குடுக்கும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், அதுல லைட்டு எதுவும் நமக்குத் தெரியுற மாதிரி எரியல. நாம பாக்குறது அது மேல பட்டுத் திரும்புற வெயில். சாயங்காலம் கீழ இருட்டிட்ட அப்புறமும் உச்சில இருக்கிற மேகத்துல மட்டும் வெயில் மிச்சம் இருக்கும்ல, அதே கணக்குதான். அதனாலதான் சூரியன் மறைஞ்சு ஒண்ணு ரெண்டு மணி நேரம், இல்ல விடியுறதுக்கு முன்னாடி அதே மாதிரி ஒரு நேரம், பெரும்பாலும் இந்த ரெண்டுல தான் மாட்டும். நடுராத்திரி தலைக்கு மேலயே போனாலும் பூமியோட நிழல்ல இருக்கும், தெரியாது.

சரி, எப்ப வரும்னு பாக்க என்னோட சாய்ஸ் ஹெவன்ஸ் அபோவ். பாக்க பழைய காலத்து சைட் மாதிரி இருக்கும், ஆனா வேண்டிய நம்பர் எல்லாம் ஒரே டேபிள்ல இருக்கும். போனை வானத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சா படம் காட்டுற ஆப்ஸ் எனக்குப் பிடிக்கல, ஸ்கிரீன் வெளிச்சத்துல கண்ணு கூசி இருக்கிற நட்சத்திரமும் தெரியாம போயிரும். எதுல பாத்தாலும் உங்க ஊரையும் டைம் ஸோனையும் செட் பண்ணுங்க, இல்லன்னா வேற எங்கயோ வர்ற நேரத்தை வச்சுக்கிட்டு இங்க காத்துக்கிட்டு இருப்பீங்க.

டேபிள்ல ரெண்டு நம்பர் முக்கியம். ஒண்ணு பிரகாசம், அதுல மைனஸ் எவ்வளவு ஜாஸ்தியோ அவ்வளவு பளிச். மைனஸ் 2ஐ விட ஜாஸ்தி மைனஸா இருந்தா கண்ண மூடிட்டு வெளிய போங்க (பாக்குறப்ப திறந்துக்கோங்க). இன்னொண்ணு அதிகபட்ச உயரம், டிகிரில இருக்கும், 0 தொடுவானம், 90 உச்சந்தலை. கைய நீட்டி மடக்கின முஷ்டி ஒண்ணு சுமாரா 10 டிகிரி. நான் முதல் தடவை ஆசையா போய் நின்னது 14 டிகிரி பாஸுக்கு, ஒண்ணரை முஷ்டி கூட இல்ல, எதிர்ல இருந்த கட்டடம் மொத்தத்தையும் முழுங்கிருச்சு. 40க்குக் கீழ இருந்தா ஆரம்பத்துல விட்டுருங்க.

இப்ப மேப். இங்கதான் நான் ரெண்டாவது தடவை சொதப்பினேன், அதனால கொஞ்சம் இழுத்துச் சொல்றேன்.

ஒரு பாஸை க்ளிக் பண்ணா வட்டமா ஒரு வான மேப் வரும், நடுவுல ஒரு கோடு. மேல வடக்கு, சரி. ஆனா இடது பக்கம் கிழக்கு, வலது பக்கம் மேற்குன்னு இருக்கும். நான் அதைப் படிக்கவே இல்ல, ஸ்கூல் மேப் பழக்கத்துல வலதுன்னா கிழக்குன்னு முடிவு பண்ணி, கோடு வலது பக்கத்துல ஆரம்பிக்குது அப்ப கிழக்குல வருதுன்னு மொட்டை மாடில கிழக்கு பாத்து விறைப்பா நின்னேன். பக்கத்து மாடிலேர்ந்து ஒரு பையன், "அண்ணா, பின்னாடி ஏதோ போவுதுண்ணா"ன்னு கத்துறான். திரும்புறதுக்குள்ள மங்கிருச்சு.

காரணம் சிம்பிள். ரோடு மேப் மேலேர்ந்து கீழ பாக்குறது, வான மேப் கீழேர்ந்து மேல பாக்குறது. ஒரு பேப்பர்ல அந்த மாதிரியே நாலு திசையும் எழுதி, எழுதின பக்கம் உங்களைப் பாக்குற மாதிரி தலைக்கு மேல தூக்கி, வடக்கை வடக்குக்கு நேரா திருப்புங்க. கிழக்கு கரெக்டா கிழக்குல போய் உக்காந்துரும். ஒரு தடவை செஞ்சு பாத்துட்டா ஜென்மத்துக்கும் மறக்காது. போன் காம்பஸை நம்பாதீங்க, கவர்ல காந்தம் இருந்தா அது தன் இஷ்டத்துக்குக் காட்டும். சூரியன் மறைஞ்ச பக்கம் சுமாரா மேற்கு, அது போதும். ஸ்டேஷனும் பூமி சுத்துற திசையிலயே போறதால எப்பவும் மேற்குப் பாதிலேர்ந்துதான் கிளம்பி வரும்.

அஞ்சு நிமிஷம் முன்னாடியே போய் நில்லுங்க. சிமிட்டாம, சிவப்பு பச்சை இல்லாம, சத்தமே இல்லாம ஒரு வெள்ளைப் புள்ளி ஏறி வரும். சிமிட்டினா ஏரோப்ளேன். முதல்ல நகருதா இல்லையான்னே சந்தேகமா இருக்கும், ஏன்னா தொடுவானத்துக்கிட்ட இருக்கும்போது அது நம்மகிட்டேர்ந்து 1,400 கிமீக்கும் மேல தள்ளி இருக்கு. உச்சிக்கு வரும்போது தூரம் 400 சொச்சமா குறையுது, அப்ப பாருங்க, செகண்டுக்கு ஒரு டிகிரிக்கு மேல ஓடும், நிலா அகலத்தை அரை செகண்டுல தாண்டிரும். வேகம் மாறவே இல்ல, செகண்டுக்கு 7.66 கிமீ தான் எப்பவும். அப்புறம் நடு வானத்துலயே லேசா செம்மண் கலருக்கு மாறி அணைஞ்சா பயப்படாதீங்க, நிழலுக்குள்ள நுழைஞ்சிருச்சு, அங்க இப்ப சூரிய அஸ்தமனம்.

அவ்வளவு கிட்ட இருந்தும் ஏன் விழல? மேல புவியீர்ப்பு இல்லன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அங்கயும் தரையில இருக்கிறதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கு. அது விழுந்துக்கிட்டேதான் இருக்கு. ஒரு செகண்டுல சுமார் 4.3 மீட்டர் விழுது, அதே செகண்டுல 7.66 கிமீ முன்னாடி போயிருது, அந்த தூரத்துக்கு அதோட வட்டப்பாதை வளையுறதும் அதே 4.3 மீட்டர் தான். விழுந்த அளவுக்குத் தரையும் கீழ விலகிருச்சுன்னா எங்க போய் மோதுறது? இப்படியே 93 நிமிஷத்துக்கு ஒரு ரவுண்டு. அதனால ஒரு நல்ல பாஸ் பாத்துட்டு உடனே இறங்கிராதீங்க, ஒண்ணரை மணி நேரம் கழிச்சு மேற்குல இன்னொரு குட்டி பாஸ் இருக்கான்னு டேபிள்ல பாருங்க.

அந்த உயரத்துல துளி காத்து இருக்கு, அது பிரேக் மாதிரி இழுக்கும். வேடிக்கை என்னன்னா பிரேக் பட்டா ஸ்டேஷன் கீழ இறங்குது, கீழ இறங்கினா வேகம் கூடுது! அப்பப்ப இன்ஜின் போட்டு மேல ஏத்துவாங்க, அதனால போன வாரம் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை நம்பி நிக்காதீங்க, அன்னைக்கே ஒரு தடவை ரிஃப்ரெஷ் பண்ணுங்க.

அப்டேட்: 12ஆம் தேதி காலைல 4:50ன்னு போட்டிருந்துச்சு, 12ஆம் தேதி ராத்திரி அலாரம் வச்சு எந்திரிச்சா ஒண்ணும் வரலன்னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டாரு. அது 11ஆம் தேதி படுத்து எந்திரிக்கிற காலைங்க. தலைப்புல ரெண்டு தடவைன்னு போட்டேன், உண்மைய சொன்னா மூணு, மூணாவது இதுதான், சொல்ல வெக்கமா இருந்துச்சு.

இன்னொரு அப்டேட்: ரயில் பெட்டி மாதிரி வரிசையா புள்ளிங்க போச்சுன்னா அது புதுசா ஏவின ஸ்டார்லிங்க் (இன்டர்நெட் குடுக்குற சேட்டிலைட் கூட்டம்). துண்டு துண்டா உடைஞ்சு வால் விட்டு எரிஞ்சுக்கிட்டே மெதுவா போனா, பழைய ராக்கெட்டோ சேட்டிலைட்டோ கீழ விழுதுன்னு அர்த்தம். எரிகல் பொதுவா ஓரிரு செகண்டுல முடிஞ்சிரும், இது ஒரு நிமிஷம் கூட போகும். காத்துல உரசி எரியுதுன்னு சொல்வாங்க, ஆனா உரசல் பங்கு கம்மி, முன்னாடி இருக்கிற காத்து விலக நேரம் கிடைக்காம நசுங்குது பாருங்க, பெரும்பாலான சூடு அதுலதான். சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்போட அடிப்பக்கம் சுடும்ல, அதையே செகண்டுக்கு 7 கிமீ வேகத்துல யோசிங்க. மனுஷங்க திரும்பி வர்ற கேப்சூல் கூர்மையா இல்லாம மொட்டையா இருக்கிறதும் இதுக்குத்தான், 1950கள் ஆரம்பத்துல ஹார்வி ஆலன்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் கண்டுபிடிச்ச ஐடியா, மொட்டை முகம் இருந்தா அதிர்வலை (அந்த நசுங்கின காத்தோட முன் விளிம்பு) கேப்சூல் உடம்பை ஒட்டாம தள்ளி நிக்கும், சூடும் பெரும்பாலும் காத்தோடவே போயிரும்.

போட்டோ கேட்டவங்களுக்கு: போனை எதுலயாவது அசையாம சாத்தி வச்சு, ப்ரோ மோட்ல 20 செகண்ட், ஐஎஸ்ஓ 200, டைமர் 3 செகண்ட். கோடு நடுவுல நெளிஞ்சிருந்தா ஸ்டேஷன் மேல தப்பு இல்ல, உங்க விரல் பட்டிருக்கு.