பிரீச் பிளக் தேர்வும் பிரைமர் இடைவெளியும்: என் அனுபவம்

போல்ட் ஆக்‌ஷன் ரைபிளைக் குழல்வாய் வழியே மருந்திடும் வகைக்கு மாற்றிய பிறகு, சுடும்போதெல்லாம் போல்ட்டின் (குழலின் பின்புறத்தை மூடும் உலோகத் தண்டு) முகத்தில் கரி படிந்தது. சில வேளைகளில் வெடிப்பும் தாமதித்தது. மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடியான பிரைமரின் வகையை மாற்றினேன், குழலின் பின்முனையை அடைக்கும் பிரீச் பிளக்கின் தீத்துளையைத் துலக்கினேன், மரையில் கிரீஸ் தடவினேன், பயனில்லை. சுட்டபின் எடுத்த 209 வகை பிரைமரை உற்றுப் பார்த்தபோதுதான், அதன் பக்கச்சுவரில் கரி ஒரு பக்கமாக மட்டும் விளிம்புவரை ஏறியிருப்பது தெரிந்தது. பிரைமருக்கும் போல்ட்டுக்கும் இடையே இருந்த மிகுதியான இடைவெளியில் வாயு பின்னோக்கிக் கசிந்திருக்கிறது. பிளக்கின் உலோகத்தை மட்டும் பார்த்து வாங்குவோர் இதைக் கவனிப்பதில்லை. பிரைமர் குழியின் ஆழத்தைச் சரிசெய்யக்கூடிய வேறொரு பிளக்கைத் தேர்ந்தெடுத்து, மருந்தும் குண்டும் இல்லாத வெற்றுக் குழலில் வெடிக்காத போலி பிரைமரை வைத்து, போல்ட்டை மூடும் கடைசிக் கட்டத்தில் சற்றே இறுக்கம் தென்படும் அளவுக்குப் பொருத்தினேன். கசிவு நின்றது, தாமதமும் இல்லை, பெரும் நிம்மதி.