செதுக்கிய கற்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழங்கால மோதிரக் கல்லில் மயிரிழை அளவு உருவத்தைப் பார்த்ததும், அந்தக் காலத்தில் எவ்வளவு கூரான உளி இருந்ததோ என்றுதான் பலரும் வியக்கிறார்கள். அங்கேயே தப்பு தொடங்கிவிடுகிறது. சூதுபவளம், அகேட், படிகம் எல்லாம் குவார்ட்ஸ் குடும்பம், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் 7. உளியை வைத்துத் தட்டினால் சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும். வெட்டுவது பொடிதான். சுழலும் செம்பு அல்லது இரும்பு முனையில் குருந்தம் என்ற மிகக் கடினமான கனிமத்தின் பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவுவார்கள், உலோகம் கல்லைவிட மென்மையானது என்பதால் பொடி அதில் பதிந்துகொண்டு கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்தெடுக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், செதுக்கிய உருவத்தின் முழங்காலிலும் குதிரைக் குளம்பிலும் குட்டிக் குட்டி உருண்டைக் குழிகள் தெரியும். முனை சுழன்ற தடம் அது.

எல்லா முத்திரையும் இப்படி வந்ததுதான் என்றும் நினைத்துவிடாதீர்கள். சிந்துவெளி முத்திரைகளில் பெரும்பாலானவை மாக்கல். கல் மென்மையாக இருக்கும்போதே கீறி, அப்புறம் சுட்டு இறுக்கியவை.

குழித்துச் செதுக்கிய முத்திரையைப் பார்த்து, வீரன் இடது கையில் வாள் பிடித்திருக்கிறான் என்று எழுதுபவர்கள் உண்டு. களிமண்ணிலோ மெழுகிலோ அழுத்தினால் அது வலது கை. செதுக்கியவர் மனத்தில் இருந்தது அந்தப் பதிவுதான், அதைப் பார்த்துப் பேசுங்கள். புடைப்பாகச் செதுக்கும் கேமியோவுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கண்ணாடி என்றதும் மட்டம் என்று ஒதுக்குவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ரோமானியப் போர்ட்லேண்ட் ஜாடியைப் பாருங்கள், கருநீலக் கண்ணாடிமேல் வெள்ளைக் கண்ணாடியைப் படரவிட்டு, அந்த வெள்ளையை மட்டும் செதுக்கி மனித உருவங்களை எழுப்பியிருக்கிறார்கள். தோல் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளையை மெலிதாக்கி நீலத்தைக் கசியவிட்ட கைக்கு எந்தக் கல்லும் ஈடில்லை. பிராகாவில் கல் செதுக்கிய காஸ்பர் லேமன் கல்லை அரைக்கும் அதே சுழல் சக்கரத்தைக் கண்ணாடிக்குக் கொண்டுபோனார், 1609-இல் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் அவருக்குத் தனியுரிமையே கொடுத்தார்.

பாணியைப் பார்த்துக் காலம் குறிப்பது இன்னும் ஆபத்து. போலந்து இளவரசர் ஸ்தனிஸ்வாஃப் போனியாடோவ்ஸ்கி சேர்த்த சுமார் 2,500 கற்களில் பல பண்டைய கிரேக்கக் கலைஞர்களின் பெயர் பொறித்தவை. 1839-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது சந்தேகம் முற்றியது. அவற்றில் பெரும்பாலானவை அவர் காலத்துக் கலைஞர்கள் செதுக்கியவை. வேலை அருமையானது, காலம்தான் பொய்.

பழையதென்றால் கரடுமுரடாக இருக்கும் என்பதும் தவறு. கிரேக்கத்தின் பைலோஸில் 2015-இல் ஒரு வீரனின் கல்லறையில் கிடைத்த அகேட் 3.6 சென்டிமீட்டர்தான், சுண்ணாம்பு படிந்து வெறும் மணி போல இருந்தது. சுத்தம் செய்தபோது, கி.மு. 1450 வாக்கில் செதுக்கிய வாள்சண்டை, தசைநார் உட்பட, அப்படியே வெளியே வந்தது.