புது மருந்து லிவர் என்சைமை அமுக்குதான்னு டெஸ்ட் பண்றது எப்படி

மதுரைப் பக்கம் எம்எஸ்சி, எம்ஃபார்ம் புராஜெக்ட்டுக்கு இத எடுக்குற புள்ளைக மொதல்ல சிஒய்பி3ஏ4-ங்குற (சுருக்கமா 3ஏ4) லிவர் என்சைம்ல ஆரம்பிங்க, ஏன்னா நம்ம முழுங்குற மருந்துல மூணுல ஒரு பங்குலருந்து பாதி வரைக்கும் அதுதான் ஒடைக்குது, அது அடைபட்டா கூட சாப்புடுற இன்னொரு மருந்து ரத்தத்துல ஏறிரும்.

மனுச லிவர் மைக்ரோசோம (இந்த என்சைம் ஒட்டியிருக்க லிவர் செல் சவ்வுத் துணுக்குக) மைனஸ் 80 ஃப்ரீசர்லருந்து எடுத்து ஐஸ் மேலயே உருக விடணும். இங்க மே மாச வெயில்ல டேபிள்ல வச்சுட்டு டீ குடிக்கப் போனா என்சைம் காலி. கரண்டு போனா ஃப்ரீசருக்கு பேக்கப் இருக்கான்னும் கேட்டுக்கங்க. பிஹெச் 7.4 பாஸ்பேட் பஃபர், மைக்ரோசோம், மிடாசோலம் (3ஏ4 ஒடைக்குற ஒரு தூக்க மருந்து), அதோட ஒங்க மருந்து ஏழெட்டு அளவுல, எல்லாம் கலந்து 37 டிகிரில வச்சு கடைசியா என்ஏடிபிஹெச் (என்சைம் வேலை செய்யத் தேவையான துணைப்பொருள்) போட்டாதான் ரியாக்‌ஷன் ஓடும். அஞ்சு நிமிசம் போதும், ஜில்லுன்னு அசிட்டோநைட்ரைல ஊத்தி நிறுத்திட்டு, சென்ட்ரிஃபியூஜ் பண்ணி, மிடாசோலத்துலருந்து உருவான ஹைட்ராக்சி மிடாசோலத்த எல்சிஎம்எஸ்ல (பொருள்களப் பிரிச்சு அளக்குற மெஷின்) அளங்க.

மருந்தக் கரைக்குற டிஎம்எஸ்ஓ அளவுதான் முக்கியம், அதுவே என்சைம அமுக்கும், அதனால எல்லா ட்யூப்லயும் ஒரே அளவு, ரொம்பக் கம்மியா. மருந்தில்லாத ட்யூப் ஒண்ணு, 3ஏ4-அ நல்லாத் தடுக்கும்னு தெரிஞ்ச கீட்டோகோனசோல் போட்டது ஒண்ணு கண்டிப்பா வைங்க, கீட்டோகோனசோலே தடுக்கலேன்னா அன்னைக்கு டேட்டாவ நம்பாதீங்க.

என்சைம் வேகம் பாதியாக் கொறையிற மருந்து அளவுதான் ஐசி50. அப்புறம் மருந்த மைக்ரோசோம், என்ஏடிபிஹெச்சோட 30 நிமிசம் முன்னாடியே ஊறவச்சு, பொறவு மிடாசோலம் போட்டு திரும்ப பாருங்க, ஐசி50 நல்லா எறங்குச்சுன்னா அது நேரம் ஆக ஆக என்சைம கெடுக்குற ரகம், அத லேசா விட்றாதீங்க. நம்ம மொளகுல இருக்க பிப்பரினும் 3ஏ4-அ தடுக்கும், சும்மா ஓட்டிப் பழக நல்ல சாம்பிள்.